பிள்ளை ஷார்ஜாவில்... நன்னி கும்மிடிப்பூண்டியில்!

(கும்மிடிப்பூண்டியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

இந்த மேடையில் வழக்கமாக இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம். வக்ஃபு சொத்து பற்றிப் பேசுவோம். இன்றைக்கு நான் தொட்டிலைப் பற்றிப் பேசப் போகிறேன். இது பெண்கள் சமாச்சாரம் அல்லவா, ஹஜ்ரத்துக்கு என்ன ஆயிற்று என்று சிலர் நினைக்கலாம். முழுவதும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு வந்த போன்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் நள்ளிரவு. மணி இரண்டு. என் அக்காள் வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார்கள். ஓடினேன். அக்காள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். போனின் மறுமுனையில் அக்காள் மகள். அவள் இருப்பது ஷார்ஜாவில், ஏழாவது மாடியில். ஐந்து மாதக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது. பால் குடிக்க மறுக்கிறது. மாப்பிள்ளைக்கு ஜபல் அலியில் ஒரு குடோனில் இரவு டூட்டி. போன் எடுக்கவில்லை.

"ஆம்புலன்சுக்குப் போன் செய்யம்மா" என்றேன். "எந்த நம்பர் மாமா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. இங்கே 108 என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அங்கே 998 என்பது அவளுக்கும் தெரியாது, அவளை அனுப்பி வைத்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது!

"எதிர் வீட்டுக் கதவைத் தட்டு" என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது மாமா."

எட்டு மாதம் அதே மாடியில் குடியிருக்கிறாள். இரண்டு கதவுகளுக்கும் இடையே நான்கு எட்டு தூரம். கடைசியில் தட்டினாள். திறந்தது ஒரு மலையாளக் கிறிஸ்தவ அம்மையார். மருத்துவமனையில் நர்சாக இருப்பவர். தெர்மாமீட்டரோடு வந்தார், பார்த்தார், டாக்சி பிடித்து, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமே உடன் போனார். பஜ்ரு நேரத்தில் குழந்தை வீடு திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ்!

அன்று முதல் இந்த விஷயம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அன்று போனது தகப்பன் மட்டும்

சகோதரர்களே! கடல் கடந்து பிழைக்கப் போவது நமக்குப் புதிதல்ல. நம் பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சுக்காரர்கள் 1613ல் அங்கே கோட்டை கட்டுவதற்கு முன்பே அது கடல் வணிகத்துக்குப் பெயர் பெற்ற துறைமுகம். நம் முன்னோர்கள் மலாக்கா போனார்கள், ரங்கூன் போனார்கள், கொழும்பு போனார்கள், பினாங்கு போனார்கள். ஆனால் பெரும்பாலும் போனது ஆண்கள் மட்டும்தான். மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு அத்தாவின் முகம் தெரியாது. ஆனால் நன்னா இருந்தார். நன்னி இருந்தார். சாச்சா, சாச்சி, மாமா, மாமி என்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் குளிப்பாட்டினால் ஒருவர் சோறூட்டுவார். ஒருவர் அடித்தால் ஒருவர் அணைத்துக்கொள்வார். அத்தா இல்லாத குறை பெரிய குறைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பத்துக் கண்கள் இருந்தன.

வளைகுடா வேலை தொடங்கியபோதும் பெரும்பாலும் அதே கதைதான். இன்றைக்குப் படித்த நம் பிள்ளைகள் அக்கவுண்டன்டாக, என்ஜினீயராக, கம்ப்யூட்டர் வேலைக்காகப் போகிறார்கள். மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்! கணவன் மனைவி சேர்ந்து வாழ்வதும், பிள்ளை தகப்பனின் மடியில் வளர்வதும் மார்க்கம் விரும்புகிற காரியம். அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அன்று தகப்பன் தூரமாக இருந்தான், இன்று பாட்டி தூரமாகிவிட்டார். பத்துக் கண்கள் பார்த்த பிள்ளையை இரண்டு கண்கள் பார்க்கின்றன. அந்த இரண்டு கண்களும் அடுப்பையும் பார்க்க வேண்டும், துணியையும் பார்க்க வேண்டும். இதற்கு நாம் என்ன ஏற்பாடு செய்தோம்?

பாட்டி இல்லாத வீட்டில் நடப்பது என்ன?

ஷார்ஜாவிலும் மற்ற நகரங்களிலும் உயரமான கட்டடங்களின் ஜன்னலில் இருந்தும் பால்கனியில் இருந்தும் சிறு குழந்தைகள் விழுந்து இறந்த செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு வயது, மூன்று வயது, நான்கு வயதுப் பிஞ்சுகள். விசாரித்துப் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலி கிடந்திருக்கும், அல்லது கட்டில் போட்டிருப்பார்கள். தாய் அடுப்படியில் இருந்திருப்பாள், அல்லது குளியலறையில். அந்தத் தாயைக் குற்றவாளி என்று யாராவது சொல்ல முடியுமா? நம் வீட்டில் தாய் குளிக்கப் போனால் "அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கோங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவாள். அங்கே யாரிடம் குரல் கொடுப்பாள்?

வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் கடினம். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் துறைப் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 60 நாள். அதில் 45 நாளுக்கு முழுச் சம்பளம், 15 நாளுக்குப் பாதிச் சம்பளம். இரண்டு மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? சம்பளத்தில் பெரும்பகுதி குழந்தைக் காப்பகத்துக்கே போய்விடும் என்று வேலையை விட்டவர்கள் உண்டு. பிள்ளையைப் பால்குடி மறக்கும் முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டு, இரவெல்லாம் போனில் படத்தைப் பார்த்து அழுகிற தாய்மார்களும் உண்டு.

அடுத்தது செல்போன். அழுதால் செல்போன், சோறூட்டச் செல்போன், தூங்கச் செல்போன். பாட்டி செய்த வேலையை அந்தப் பெட்டி செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? ஒரு வயது வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம்! நம் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள்? சிந்திக்க வேண்டாமா?

பிறகு மொழி. லீவில் ஊருக்கு வருகிறது பிள்ளை. நன்னி கையை விரித்துக்கொண்டு "வாடா கண்ணு" என்கிறார். பிள்ளை தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறது. அதற்கு ஆங்கிலம் தெரியும், பக்கத்து வீட்டு இந்தி தெரியும். நன்னியின் தமிழ் தெரியாது. முப்பது நாள் லீவில் இருபது நாள் அறிமுகத்துக்கே போய்விடுகிறது. கிளம்புகிற அன்றுதான் பிள்ளை நன்னியின் மடியில் ஏறுகிறது. ஏர்போர்ட் கார் வாசலில் நிற்கிறது.

ஹாஜர் (அலை) அவர்களின் பள்ளத்தாக்கு

சொந்தபந்தம் இல்லாத மண்ணில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாயை நாம் அனைவரும் அறிவோம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான ஹாஜிகள் அந்தத் தாயின் காலடித் தடத்தில் ஓடுகிறார்கள்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவி ஹாஜரையும் பால்குடிக் குழந்தை இஸ்மாயீலையும் பயிர் பச்சை இல்லாத பள்ளத்தாக்கில் விட்டுச் செல்கிறார்கள். ஒரு பையில் கொஞ்சம் பேரீச்சம்பழம், ஒரு தோல் பையில் தண்ணீர். அவ்வளவுதான். இது இறைவனின் கட்டளையா என்று அந்த அம்மையார் கேட்கிறார்கள். ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று திரும்பி நடக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை துடித்தது. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு முறை ஓடினார்கள். ஜம்ஜம் பொங்கியது.

இதுவரை நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஜுர்ஹும் என்ற கூட்டத்தார் அந்த வழியாக வந்தார்கள். வானத்தில் பறவை வட்டமிடுவதைக் கண்டு, இங்கே தண்ணீர் இருக்கிறது என்று அறிந்து ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு பெண், ஒரு குழந்தை, ஓர் ஊற்று. அவர்கள் நினைத்திருந்தால் அந்தத் தாயை விரட்டிவிட்டு ஊற்றைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கேட்க நாதியில்லை. ஆனால் நாங்கள் இங்கே தங்கிக்கொள்ளலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உரிமை உங்களுக்கு இல்லை என்றார்கள் ஹாஜர் (அலை). சரி என்று ஒப்புக்கொண்டார்கள். தங்கள் குடும்பங்களையும் வரவழைத்துக் குடியேறினார்கள்.

அந்த அம்மையாரும் மனிதத் துணையை விரும்பியிருந்தார்கள் என்று அதே ஹதீஸில் வருகிறது. இஸ்மாயீல் (அலை) அந்த மக்களிடமிருந்தே அரபு மொழியைக் கற்றார்கள். அந்த மக்களிலேயே பெண் எடுத்தார்கள். இரத்த சம்பந்தம் இல்லாதவர்கள் அண்டை வீட்டாராகி, பிறகு சம்பந்தி வீட்டாராகி, ஓர் ஊரே உருவானது.

கவனியுங்கள் சகோதரர்களே! தாகத்துக்குத் தண்ணீரை அல்லாஹ் பூமியிலிருந்து கொடுத்தான். தனிமைக்கு மனிதர்களை அனுப்பினான். பிள்ளை வளர்ப்பதற்கு இரண்டும் வேண்டும். நாம் நம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது தண்ணீருக்கு, அதாவது சம்பளத்துக்கு, ஏற்பாடு செய்துவிடுகிறோம். ஜுர்ஹுமுக்கு ஏற்பாடு செய்வதில்லை.

போகும் முன் கணக்குப் போடுங்கள்

இளைஞர்களே! வெளிப்படையாகச் சொல்கிறேன். குடும்பத்தை அழைத்துக்கொள்வதை ஊரார் மத்தியில் கௌரவமாக நினைத்துக் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். அமீரகத்தில் குடும்ப விசாவுக்குக் குறைந்தபட்சம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பது விதி. விசா கிடைப்பதற்கு அது போதும். குடும்பம் நடத்த அது போதுமா? ஒரே ஃபிளாட்டைப் பலகை வைத்துத் தடுத்து இரண்டு மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. தவழ்கிற குழந்தைக்குத் தவழ இடமில்லை.

சவூதியில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். 2017 ஜூலையில் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் விதித்தார்கள். ஆண்டுக்கு 100 ரியால் வீதம் கூட்டி, 2020 ஜூலையில் 400 ரியால் ஆக்கினார்கள். மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மாதம் 1,200 ரியால், ஆண்டுக்கு 14,400 ரியால்! ஏராளமான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பின. படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகள் எத்தனை! ஆகவே இரண்டு ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, கையில் மிச்சம் வைத்துக்கொண்டு, பிறகு அழையுங்கள்.

குழந்தை அங்கே பிறந்தால் ஒரு விஷயம் மிக முக்கியம். அந்த நாட்டில் பிறந்ததால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடாது. 2004 டிசம்பருக்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தை இந்தியக் குடியுரிமை பெற, பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது நம் குடியுரிமைச் சட்டம். காலம் தவறினால் மத்திய அரசின் அனுமதிக்கு அலைய வேண்டும். நம் சமுதாயம் காகிதத்தின் அருமையை இப்போதாவது உணர்ந்திருக்கிறது. பிள்ளையின் முதல் காகிதத்திலேயே அலட்சியம் வேண்டாம். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஐந்து வீட்டு முறை

அங்கே இருப்பவர்களுக்கு ஓர் எளிய யோசனை. இதை என் அக்காள் மகளே இப்போது செய்து காட்டியிருக்கிறாள். தான் இருக்கும் கட்டடத்திலும் அடுத்த கட்டடத்திலுமாகக் குழந்தை உள்ள ஐந்து வீடுகளைத் தேடிப் பிடித்தாள். இரண்டு வீடு நம் தமிழ் முஸ்லிம்கள், ஒன்று திருநெல்வேலி இந்துக் குடும்பம், ஒன்று ஹைதராபாத் குடும்பம், ஒன்று அந்த நர்சம்மா வீடு. ஐந்து வீட்டுத் தாய்மார்களின் எண்ணும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறமும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதே தாளில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. ஒருத்தி டாக்டரிடம் போனால் அவளது மூத்த பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொள்கிறாள். ஒருத்திக்குப் பிரசவம் என்றால் நாற்பது நாளும் முறை வைத்துச் சோறு போகிறது. அந்த வீடுகளின் ஆண்கள் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எல்லா வீட்டு ஜன்னலுக்கும் பூட்டு மாட்டி, ஜன்னல் ஓரத்தில் இருந்த கட்டில்களை நகர்த்தினார்கள்.

இதற்குச் சங்கம் வேண்டாம், லெட்டர்பேடு வேண்டாம், தலைவர் செயலாளர் தேர்தல் வேண்டாம். ஒரு தாள் போதும்.

இங்குள்ள வணிகப் பெருமக்களே! உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நம் வீடுகளில் தலைப்பிரசவம் என்றால் அதன் செலவை மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று இழுபறி செய்கிறோம். பெயர் சூட்டும் விருந்துக்கு ஆயிரம் பேருக்குப் பிரியாணி போடுகிறோம். அந்தப் பணத்தில் தாயின் தாய்க்கு ஒரு விசிட் விசாவும் டிக்கெட்டும் எடுத்துக் கொடுங்கள். பிரியாணியை மறுநாள் மறந்துவிடுவார்கள். அந்த நன்னி கூட இருக்கும் இரண்டு மூன்று மாதத்தில் அந்த இளம் தாய் கற்றுக்கொள்வது ஆயுளுக்கும் நிற்கும்.

ஊரில் இருக்கும் நன்னா, நன்னிமார்களுக்கும் சொல்கிறேன். போனில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஒரு கதை சொல்லுங்கள். நபிமார்கள் வரலாறு சொல்லுங்கள், நம் ஊர் ஏரிக்கு வருகிற பறவைகளைப் பற்றிச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்! வெறும் படம் பார்ப்பதும் முகம் பார்த்துப் பேசுவதும் ஒன்றல்ல. நீங்கள் கேட்டால் பிள்ளை பதில் சொல்லும். அப்போது அடுத்த லீவில் அது முந்தானைக்குப் பின்னால் ஒளியாது.

சட்டமும் சித்தப்பாவைத் தேடியது

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களும் இப்போது அதிகம். அங்கே வேறு விதமான சோதனை. 2011ல் நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் வாழ்ந்த ஒரு வங்காளக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தைகள் நலத்துறை எடுத்துச் சென்றது. ஒன்று பால்குடிக் குழந்தை. கையால் சோறூட்டியதும், பிள்ளையைத் தங்களோடு படுக்க வைத்ததும் குறையாகச் சொல்லப்பட்டன என்று பெற்றோர் கூறினார்கள். காரணம் பண்பாடு அல்ல என்றது அந்தத் துறை. இரண்டு நாடுகளின் அரசுகளும் பேசின. இறுதியில் 2012 ஏப்ரலில் அந்தக் குழந்தைகள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டு இந்தியா வந்தார்கள் தெரியுமா? தகப்பனின் தம்பியிடம்! அதன்பின் தாய் இங்கே வழக்காடி 2013 ஜனவரியில் பிள்ளைகளைப் பெற்றார்.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு பாடங்களைச் சொல்கிறேன். போகிற நாட்டில் பிள்ளைகள் சம்பந்தமான சட்டம் என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள். அடுத்தது, ஒரு நாட்டின் சட்டம்கூடக் கடைசியில் ஒரு சித்தப்பாவைத்தான் தேட வேண்டியிருந்தது. ஆகவே அண்ணன் தம்பிகளோடு சொத்துக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

நம் தெருவில் யார் இருக்கிறார்கள்?

சகோதரர்களே! இதுவரை ஷார்ஜாவைப் பேசினேன், நார்வேயைப் பேசினேன். இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருகிறேன்.

நம் சிப்காட்டைச் சுற்றிப் பாருங்கள். இரும்பு உருக்கும் ஆலை, ரோலிங் மில், அந்தப் பக்கம் தேர்வாய்கண்டிகை. அங்கே வேலை செய்பவர்கள் யார்? ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், வங்காளம். முன்பு ஆண்கள் மட்டும் வந்தார்கள். இப்போது லைன் வீடுகளில் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே அறை, தகர ஷீட், ஓரத்தில் ஸ்டவ், கயிற்றில் ஒரு தொட்டில். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்தத் தாயின் அம்மா ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறார். அவளுக்கு நம் மொழி தெரியாது. பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது. 108 தெரியுமோ தெரியாதோ. அவளுக்குக் கும்மிடிப்பூண்டிதான் ஷார்ஜா!

இன்னொன்றையும் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலை நேரத்தில் நம் மதரஸா வாசலில் ஓர் ஒடிசாப் பெண் வந்து நின்றாள். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை, பக்கத்தில் ஏழு எட்டு வயதில் ஒரு சிறுமி. பகலில் மதரஸா காலியாகத்தானே இருக்கிறது, சின்னவனை வேலை முடியும் வரை இங்கே விட்டுவிட்டுப் போகலாமா என்று கையைக் காட்டிக் கேட்டாள். அவளுக்குக் கட்டட வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது பால்வாடி இல்லம்மா, போ" என்றேன். பால்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட நான் காட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு அன்று ஜும்ஆ பயானுக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். தலைப்பு, அண்டை வீட்டார் உரிமை.

பிறகு அந்தச் சிறுமியைப் பல நாள் பார்த்தேன். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு லைன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை, நன்னியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் குடும்பமே வேறெங்கோ போய்விட்டது.

ஷார்ஜாவில் என் அக்காள் மகள் தட்டிய கதவு திறந்தது. கும்மிடிப்பூண்டியில் என் கதவை ஒரு தாய் தட்டினாள், நான் திறந்தும் திறக்காதவனாக இருந்தேன். அந்த மலையாள அம்மையார் என்னைப் போல் இருந்திருந்தால் என் பேரப்பிள்ளை என்ன ஆகியிருக்கும்? மறுமையில் இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்படும். உங்களிடம் கேட்கப்படாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இன்று இதைச் சொல்கிறேன்.

அபிசீனியக் குழந்தைக்கு அண்ணலார் கொடுத்த ஆடை

மக்காவில் கொடுமை தாங்காமல் கி.பி. 615ல் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குப் போனார்கள். முஸ்லிம் அல்லாத மன்னரின் நாடு. அங்கே அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். அப்படி அங்கே வளர்ந்த சிறுமிதான் உம்மு காலித் (ரலி). பிறகு மதீனா வந்தார். ஒரு நாள் நபி (ஸல்) அவர்களிடம் வேலைப்பாடு செய்த சிறிய கறுப்பு ஆடை ஒன்று வந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டார்கள். சபை அமைதியாக இருந்தது. உம்மு காலிதை அழைத்து வாருங்கள் என்றார்கள். சிறுமியைத் தூக்கி வந்தார்கள். தம் கையாலேயே அணிவித்து, நீண்ட காலம் அணிய துஆச் செய்து, அதன் வேலைப்பாட்டைக் காட்டி "ஸனாஹ்" என்றார்கள். அது அரபுச் சொல் அல்ல. அழகாக இருக்கிறது என்பதற்கு அபிசீனிய மொழிச் சொல்!

ஊர் மாறி வந்த குழந்தையிடம் அந்தக் குழந்தை வளர்ந்த மொழியில் ஒரு சொல் சொன்னார்கள் நம் தலைவர். நாம் நம் தெருவில் நிற்கும் ஒடியாக் குழந்தையிடம், பீகார்க் குழந்தையிடம் அவர்கள் மொழியில் ஒரு சொல் பேசியிருக்கிறோமா? இதே மாவட்டத்தில் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே பாடம் சொல்லும் மையங்கள் நடத்தப்பட்டுள்ளன. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

செய்ய வேண்டியவை

ஒன்று. ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள், வீட்டுப் பெண்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று எடுங்கள். முஸ்லிமா, இந்துவா என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் வேண்டாம். பெயர், வயது, தாயின் பெயர் போதும்.

இரண்டு. அந்தத் தாய்மார்களைக் கையோடு அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1975ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. ஒரிசாக்காரி என்பதற்காகச் சத்துணவையும் தடுப்பூசியையும் மறுக்க இடமில்லை. ஆறு வயது ஆன பிள்ளையை அரசுப் பள்ளியில் சேருங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்று. வணிகர்களே! லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மிலும் இருக்கிறீர்கள். ஒரு விளக்கு, ஒரு மூடிய தண்ணீர்த் தொட்டி, கிணற்றுக்கு ஒரு கம்பி வலை. இதற்கு எவ்வளவு செலவாகும்? வாசலில் 108, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் பெயிண்டில் எழுதிவையுங்கள். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதித் தர அவர்களிலேயே ஆள் இருக்கிறார்கள்.

நான்கு. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2017ல் வந்த பேறுகாலச் சட்டத் திருத்தம் 50 ஊழியர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, தொட்டில் சேலையில் தொங்குகிறது. நம் அமைப்பு மனுக் கொடுக்கும்போது இந்தக் கோரிக்கையும் அதில் இருக்கட்டும்.

ஐந்து. நம் மதரஸா. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மாலை வரை அந்தக் கூடம் காலியாகக் கிடக்கிறது. பயிற்சி பெற்ற ஒரு பெண்மணி, ஓர் உதவியாள், பாய், பால், வேலியிட்ட வாசல் இருந்தால் இருபது பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம். உரிய அனுமதியோடு முறையாகச் செய்வோம். கமிட்டியில் இதை வைத்திருக்கிறேன். "நம் பிள்ளைகளுக்கே பணம் போதவில்லையே" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய பேரன் தோஹாவில் இருக்கிறான். அவனுக்குப் பக்கத்து வீட்டார் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் பஜ்ருக்குப் பின் வந்து இரண்டு மாதப் பால் செலவைத் தான் ஏற்பதாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக!

அன்பிற்கினியவர்களே! தொழுகையை நீட்டித் தொழ நினைத்து நின்ற நபி (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். அது யார் வீட்டுக் குழந்தை என்று அவர்கள் விசாரிக்கவில்லை. அழுகுரல் கேட்டது, போதுமானதாக இருந்தது.

என் உரையையும் இத்துடன் சுருக்கிக்கொள்கிறேன். வெளியே போகும்போது வாசலில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் வெளிநாட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் உங்கள் பிள்ளைகளின் ஊரையும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். ஒரே நகரில் இருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் இணைத்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ். இன்னொன்றில், லைன் வீடுகளுக்குப் போக முன்வரும் இளைஞர்கள் பெயரை எழுதுங்கள். முதல் நோட்டில் எழுதுகிறவர் இரண்டாவது நோட்டைத் தாண்டிப் போக வேண்டாம்.

யா அல்லாஹ்! தூரத்தில் இருக்கும் எங்கள் பிஞ்சுகளுக்கு நல்ல அண்டை வீட்டாரைத் தருவாயாக! எங்கள் அண்டையில் இருக்கும் பிஞ்சுகளுக்கு எங்களை நல்ல அண்டை வீட்டாராக ஆக்குவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.